கீரைக் கடைசலும் லேத்துக் கடைசலும்

போன தீபாவளி லீவுக்குக் குறிஞ்சிப்பாடி வந்திருந்தபோது பைக்கின் பின் பிரேக் கிறீச்சிட ஆரம்பித்தது. மெக்கானிக் வீலைக் கழற்றி, டிரம்முக்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "ஷூ மாத்துனா மட்டும் பத்தாது சார். டிரம்ல வரி விழுந்துருக்கு. லேத்துல குடுத்து கடைசல் புடிக்கணும்" என்றார். ஒரு மணி நேரம் ஆகும் என்றதால் வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன். தட்டில் சோறு, பக்கத்தில் முளைக்கீரைக் கடைசல்.

நாற்பது வயசு தாண்டிய ஆள் நான். கீரைக் கடைசலை நாற்பது வருஷமாகச் சாப்பிடுகிறேன். அப்பா நெய்வேலியில் டர்னராக முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர், ஆக லேத்துக் கடைசலையும் நாற்பது வருஷமாகக் கேட்கிறேன். இரண்டும் ஒரே வார்த்தை என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

சாப்பிட்ட கையோடு சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனைத் திறந்தேன் (1924-இல் தொடங்கி 1936-இல் ஆறு தொகுதிகளாக முடிந்தது, இப்போது இணையத்தில் தேடலாம்). கடைதல் என்ற வினைக்கு மத்தால் மோர் கடைவது, லேத்தில் வைத்து உருட்டிச் செதுக்குவது, கீரை பருப்பை மசிப்பது என்று பொருள்கள் ஒரே பதிவுக்குள் இருக்கின்றன. வாங்க, விற்க நாம் போகிற 'கடை' வேறு. அதை இங்கே இழுக்க வேண்டாம். கடைச்சல் என்றால் கடைந்து செய்யும் வேலை. பேச்சில் அது கடைசல் ஆகிவிட்டது.

மலையாளத்திலும் அப்படியே. மோரும் கடைவார்கள், மரமும் கடைவார்கள். கன்னடத்தில் 'கடெ' என்றால் கடைதல், லேத் வேலைக்குக் 'கடசலு' என்று பெயர். இந்திக்குப் போனால் கதை மாறுகிறது. அங்கே லேத் வேலை 'கராத்', அதைச் செய்பவர் 'கராதி'. அரபு, பாரசீகம் வழியாக வந்த சொல். வடக்கே முஸ்லிம்கள் வருவதற்கு முன் கடைசலே இல்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. சமஸ்கிருதத்தில் குந்தம் என்று தனியாகச் சொல் இருந்தது. பழைய பெயர் ஒதுங்கிப் புதுப் பெயர் உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். நமக்கு வெளியே இருந்து எதுவும் வரவில்லை, சமையலறைச் சொல்லே பட்டறைக்கும் போனது.

ஏன் போனது? சுற்றுவதால் என்று சட்டென்று சொல்லிவிடலாம். ஆனால் சக்கரம் சுற்றுகிறது, குயவர் திரிகை சுற்றுகிறது, செக்கு சுற்றுகிறது. இவை எதையும் நாம் கடைவதாகச் சொல்வதில்லை. பானையை வனைகிறோம், எண்ணெயை ஆட்டுகிறோம். மோரையும் மரத்தையும் மட்டும் ஏன் கடைகிறோம்?

எனக்குத் தெரிந்த விடை கயிறு.

மிக்ஸி வராத காலத்து மோர் கடைவதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். எங்கள் ஆயா வீட்டில் தாழ்வாரத் தூணில் இரண்டு கயிற்று வளையங்கள் இருக்கும். அதற்குள் உயரமான மத்தைச் செருகி நிறுத்தி, தண்டில் கடைகயிற்றை இரண்டு சுற்று சுற்றி, இரண்டு முனைகளையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு மாற்றி மாற்றி இழுப்பார். வலது கை இழுக்கும்போது மத்து ஒரு பக்கம் சுற்றும், இடது கை இழுக்கும்போது எதிர்ப்பக்கம். அந்த மத்தைத் தூணிலிருந்து எடுத்துக் கிடைமட்டமாகப் படுக்கவையுங்கள். இரண்டு முனையையும் இரண்டு ஆணிகளுக்கு நடுவே மாட்டுங்கள். தண்டு இருக்கும் இடத்தில் ஒரு மரத்துண்டு. ஒருவர் கயிறு இழுக்கட்டும், இன்னொருவர் உளியைப் பிடிக்கட்டும். மோட்டாரும் மிதிகட்டையும் வருவதற்கு முந்தைய லேத் அதுதான். தனியாள் வேலை செய்ய வேண்டுமென்றால் கயிற்றின் இரு முனைகளையும் ஒரு வில்லில் கட்டிவிடுவார்கள். ஒரு கையால் வில்லை இழுத்துத் தள்ளிக்கொண்டு, மறு கையில் உளி, உளியின் முனை நழுவாமல் இருக்கக் கால் விரல். தரையில் உட்கார்ந்து வேலை செய்யும் நம் ஊர் ஆட்களுக்குக் கால் ஒரு மூன்றாவது கை.

(இஞ்சினியரிங் படித்த வாசகர்களுக்கு ஒரு அடைப்புக்குறி. இரண்டே சுற்றுக் கயிறு எப்படி வழுக்காமல் பிடிக்கிறது? உருளையைச் சுற்றிய கயிற்றுக்கு ஆய்லர் தந்த சூத்திரம் ஒன்று உண்டு. உராய்வு எண் 0.3 என்று வைத்து இரண்டு முழுச் சுற்றுக்குக் கணக்கிட்டால், ஒரு முனையில் தளர்வாகப் பிடித்திருக்கும் விசையைப் போல் சுமார் 43 மடங்கு இழுவிசை மறுமுனையில் வந்தால்தான் கயிறு வழுக்கும். ஆயாவுக்கு ஆய்லரைத் தெரியாது. ஆனால் ஒரு சுற்று போதாது, மூன்று சுற்று சிக்கிக்கொள்ளும் என்று தெரியும்.)

இந்த யோசனை எனக்கே கொஞ்சம் கிறுக்குத்தனமாகப் பட்டது. மத்தும் லேத்தும் ஒன்று என்று சொல்ல வேறு ஏதாவது கிடைக்குமா என்று தேடியபோது அகப்பட்டது எகிப்து. நடு எகிப்தில் துனா எல்-கெபெல் என்ற இடத்தில் பெதோசிரிஸ் என்ற பூசாரியின் கல்லறை இருக்கிறது. காலம் ஏறத்தாழ பொ.மு. 300. அதன் சுவர்ச் சிற்பங்களில் தச்சர்கள் வேலை செய்யும் காட்சி ஒன்று உண்டு. உலகில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய லேத் படம் என்று தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் வழக்கமாகக் காட்டுவது இதைத்தான். ஒரு ஆள் வாரை இழுக்கிறான். இன்னொரு ஆள் உளியைப் பிடித்திருக்கிறான். நடுவில் கடைசல் வேலை. ஒரே ஒரு சிக்கல்: அந்த வேலைப்பொருள் செங்குத்தாக நிற்கிறது. தூணில் சாத்திய மத்து மாதிரியே.

இதை ஆராய்ச்சியாளர்கள் பலர் ஓவிய மரபு என்று சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். எகிப்தியச் சிற்பிகள் ஆழத்தைக் காட்டத் தெரியாமல், அல்லது விரும்பாமல், படுத்திருப்பதை நிமிர்த்திக் காட்டுவது வழக்கம்தான். இது நிஜத்திலும் கிடைமட்ட லேத்தாக இருந்திருக்கலாம். இருக்கலாம். நான் சொல்ல வருவது ஒன்றுதான்: அதைப் பார்த்தவுடன் என் மனைவி, "என்ன, மோர் கடையுறாங்களா?" என்று கேட்டாள். கூடவே சொல்லிவிடுகிறேன், அவளிடம் நான் கட்டுரை விஷயம் எதுவும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. இதை வைத்து "லேத்தைக் கண்டுபிடித்தவன் தமிழனே" என்று யாரும் வாட்ஸ்ஆப்பில் அனுப்பிவிட வேண்டாம். ஒரு சொல்லை வைத்து ஆண்டு சொல்ல முடியாது. அது சொல்வது ஒரே ஒரு செய்தி. மோட்டாரில் ஒரே திசையில் விர்ரென்று சுற்றும் லேத்தைப் பார்த்து யாருக்கும் மோர் ஞாபகம் வராது. ஐரோப்பாவில் பெரிய சக்கரத்தையும் மிதிகட்டையையும் சேர்த்து ஒரே திசையில் ஓடவிட்ட லேத்தைப் பார்த்தாலும் வராது. கயிறு முன்னும் பின்னும் போய்வரும் லேத்தைப் பார்த்தால்தான் வரும். ஆகவே மரம் உருட்டுவதற்குக் கடைசல் என்று பேர் வைத்தவர்கள் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தபோது வைத்திருக்கிறார்கள். இந்தச் சொல் கயிறு லேத்தின் புதைபடிவம்.

நெடுநல்வாடையில் பாண்டிமாதேவியின் கட்டில் வருகிறது. யானைத் தந்தத்தால் ஆன அதன் கால்களில் குடம்போல் திரண்ட பகுதி உண்டு, அடியில் பூண்டு போன்ற உறுப்பு உண்டு. கூரிய உளியால் செய்த வேலை என்கிறது பாட்டு. கடைந்தது என்று சொல்லவில்லை. கையாலேயே செதுக்கியிருக்கலாம். ஆனால் லேத்தில் ஒரு நாள் நின்றவர் யாரும், குடமும் பூண்டும் அடுக்கிய அந்த வடிவத்தைப் படித்தால் "இது டர்னர் வேலை" என்பார்கள். அப்பாவிடம் வரிக்கு வரி பொருள் சொல்லிக் காட்டினேன். "கடைசல் கால் கட்டில்தானடா, உங்க பாட்டன் வீட்ல இருந்துச்சே" என்று முடித்துவிட்டார். இரண்டாயிரம் வருஷத்து இலக்கிய ஆராய்ச்சி.

கயிற்று லேத்துக்கு ஒரு பெரிய குறை உண்டு. மரம் உளியை நோக்கி வரும் இழுப்பில் மட்டுமே வெட்டு விழும். திரும்பும் இழுப்பில் உளியைச் சற்றே விலக்கிக்கொள்ள வேண்டும். பாதி நேரம் வீண். ஆனாலும் அந்த ஆட்டத்துக்குள்ளேயே நம் ஊரில் ஒரு கைத்தொழில் பிறந்து வளர்ந்திருக்கிறது: அரக்குக் கடைசல்.

அரக்கு ஒரு பூச்சி சுரக்கும் பிசின். புரசு, இலந்தை மாதிரியான மரங்களின் கிளைகளில் கூட்டங்கூட்டமாக ஒட்டிக்கொண்டு சாறு குடிக்கும் செதில்பூச்சி அது. ஜார்க்கண்ட் பக்கம் இன்றும் அறுவடை செய்கிறார்கள். ராஞ்சிக்குப் பக்கத்தில் நாம்கும் என்ற இடத்தில் 1924-இல் இதற்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். நமக்கு அரக்கு என்றால் பாண்டவர்களை உள்ளே வைத்துக் கொளுத்தப் பார்த்த அரக்கு மாளிகை, பார்சலில் முத்திரை குத்தும் சிவப்புக் கட்டி, அப்புறம் அரக்குக் கலர் புடவை.

கடைசல்காரர் நிறம் சேர்த்த அரக்கைக் குச்சியாக உருட்டி வைத்துக்கொள்வார். மரம் சுற்றிக்கொண்டிருக்கும்போதே குச்சியை அதன் மேல் அழுத்துவார். உராய்வில் எழும் சூட்டிலேயே அரக்கு இளகி மரத்தின் மேல் படலமாகப் பரவும். பெயிண்ட் கிடையாது, பிரஷ் கிடையாது, காய வைக்கும் வேலை கிடையாது. பிறகு தாழை மடலைப் பிடித்தால் கண்ணாடி மாதிரி பளபளப்பு. கர்நாடகத்தின் சன்னபட்டணத்தில் இப்படித்தான். ஆந்திராவில் வராகநதிக் கரையில் இருக்கும் ஏட்டிகொப்பாகாவிலும் இதே முறைதான். அங்கே இயற்கைச் சாயங்களை மீட்டெடுத்த சி.வி. ராஜுவுக்கு 2023-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். இரண்டு ஊரிலும் பயன்படுத்தும் மரம் ஒன்றே. கன்னடத்தில் ஆலெ மரம், தெலுங்கில் அங்குடு, நமக்கு வெட்பாலை. வெள்ளையாக, மென்மையாக, நார் பிசிறாமல் வெட்டுப்படும். குஜராத்தின் சங்கேடாவில் தேக்கில் நாற்காலி, ஊஞ்சலே கடைந்து அரக்கு பூசுகிறார்கள்.

நம் பங்குக்கு அம்பாசமுத்திரம். தாமிரபரணிக் கரையில் கடைந்த மரச் சொப்புச் சாமான்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் பட்டை போட்ட குட்டிப் பானை, குட்டி உரல், குட்டிக் குடம், எல்லாம் ஒரு ஓலைப்பெட்டிக்குள். அண்மையில் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. என் தங்கையின் செட்டில் ஒரு விரல் நீள மத்தும் இருந்தது. மத்தைப் போலச் சுற்றும் எந்திரத்தில் கடைந்த மத்து!

சன்னபட்டணத்துக்குத் திப்பு சுல்தான் பாரசீகக் கைவினைஞர்களை வரவழைத்து இந்தத் தொழிலைத் தொடங்கினார் என்ற கதை எல்லா சுற்றுலா வலைத்தளங்களிலும் இருக்கிறது. பொம்மைக்கும் வண்ணத்துக்கும் அது பொருந்தலாம். ஆனால் தொழிலே பாரசீகத்திலிருந்து வந்திருந்தால் தொழிலின் பெயரும் கூட வந்திருக்க வேண்டும், இந்தியில் வந்த மாதிரி. கன்னடக்காரர் இன்னமும் 'கடசலு' என்றுதான் சொல்கிறார். இது நிரூபணம் அல்ல. எனக்குப் போதுமான சந்தேகம்.

இந்தத் தொழிலைப் பட்டறையில் உட்கார்ந்து கவனித்து எழுதிய முன்னோடிகளில் ஒருவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877-இல் பிறந்தவர், தந்தை இலங்கைத் தமிழர். படிப்பு நிலவியல்; இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைமை தாங்கியவர். பாறை பார்க்க ஊர் ஊராகச் சுற்றிய மனுஷன், கைத்தொழில்காரர்களைப் பார்த்து மயங்கி, 1908-இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றி ஒரு பெரிய நூலே வெளியிட்டுவிட்டார். கடைசலில் அரக்கு ஏற்றும் முறையை அதில் விவரிக்கிறார். லேத்தே இல்லாமல், இளகிய அரக்கை நூலாக இழுத்து நகத்தால் ஒட்டி ஒட்டிக் கோலம் போடும் இன்னொரு முறையையும் விவரிக்கிறார். படித்த துறை ஒன்று, பைத்தியம் இன்னொன்று என்று அலைபவர்களுக்கு அவர் ஒரு ஆறுதல்.

சீன, ஜப்பானிய அரக்கு வேலையையும் நம்முடையதையும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. அவர்களுடையது ஒரு மரத்தின் பால். ஈரக் காற்றில் வேதிமாற்றம் அடைந்து இறுகும், பிறகு எத்தனை சூடு காட்டினாலும் இளகாது. நம்முடையது பூச்சிப் பிசின். சூட்டில் இளகும், ஆறினால் இறுகும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி இளகும். இதைத்தான் தெர்மோபிளாஸ்டிக் என்று கல்லூரியில் மனப்பாடம் செய்தோம். கடைசலில் உராய்ந்தே பூச முடிவது இந்தக் குணத்தால்தான். ஜப்பான்காரரின் அரக்கைக் குச்சியாக்கி லேத்தில் அழுத்தினால் ஒன்றும் ஒட்டாது.

இதே குணத்தால்தான் நம் அரக்கு உலகம் சுற்றியது. பாகவதர் பாட்டும் கே.பி. சுந்தராம்பாள் பாட்டும் ஓடிய 78 சுற்று இசைத்தட்டுகள் அரக்கில் வார்த்தவை. மின்சாரம் பரவியபோது கம்பிச்சுருளுக்குக் காப்பும் அரக்குதான். தேவை ஏறியது, விலை ஏறியது, பூச்சி அந்த வேகத்தில் சுரக்கவில்லை. அரக்குக்கு மாற்றுத் தேடித்தான் லியோ பேக்லாண்ட் என்ற பெல்ஜிய வேதியியலாளர் அமெரிக்காவில் ஆராய்ச்சியில் இறங்கினார். 1907-இல் கிடைத்தது பேக்கலைட், முழுக்க முழுக்கச் செயற்கையான முதல் பிளாஸ்டிக். 1930-களில் எபாக்சி வந்தது. இன்று யூட்யூபில் மரத்துண்டையும் எபாக்சி ரெசினையும் சேர்த்து வார்த்து, லேத்தில் கடைந்து, பேனாவும் கிண்ணமும் செய்து பத்து லட்சம் பேரைப் பார்க்க வைக்கிறார்களே, அந்த ரெசினின் வம்சாவளியைப் பின்னோக்கிப் போனால் புரச மரத்துப் பூச்சியிடம் வந்து நிற்கும்.

அந்த யூட்யூப் வியாதி எனக்கும் பிடித்தது. லாக்டவுனில் ஒரு சின்ன மர லேத் வாங்கினேன். வெளிநாட்டுக்காரர்கள் கலர் பென்சில், காபிக் கொட்டை, சோளக் கதிர் எல்லாவற்றையும் ரெசினில் போட்டுக் கடைகிறார்கள். நாம் நம் ஊர்ச் சாமானைப் போடுவோமே என்று மூன்று வார்ப்பு செய்தேன்: பழுப்பு நிலக்கரி, முந்திரிக்கொட்டை ஓடு, லுங்கித் துணி. நெய்வேலி, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி.

நிலக்கரி முதலில் தோற்றது. நெய்வேலி நிலக்கரியில் எடைக்கு ஏறத்தாழ பாதி தண்ணீர். எபாக்சி இறுகும்போது வரும் சூட்டில் ஆவி கிளம்பி, வார்ப்பு முழுக்கக் குமிழ். வெயிலில் காய வைத்து மறுபடி முயன்றால் காயும்போதே பொடிப்பொடியாக உதிர்ந்தது. அப்பா சிரித்தார். "கரியைப் போயி லேத்துல மாட்டுறான் பாரு." ஆனால் மாட்டியிருக்கிறார்கள். இங்கிலாந்தின் விட்பி ஊரில் கிடைக்கும் 'ஜெட்' என்ற கருங்கல் உண்மையில் கல் அல்ல, பழுப்பு நிலக்கரிக்குச் சொந்தக்காரன். விக்டோரியா காலத்தில் அதைக் கடைந்து துக்க நகைகள் செய்தார்கள். தெற்கே கிம்மரிட்ஜ் என்ற இடத்தில் எரியக்கூடிய ஒரு கறுப்புப் பாறை உண்டு. அங்கே மண்ணுக்குள் வட்ட வட்டமான கறுப்பு வில்லைகள் ஏராளமாகக் கிடைக்க, பழங்காலக் காசு என்று நினைத்து 'கரிக்காசு' என்று பெயரே வைத்துவிட்டார்கள். பிறகுதான் தெரிந்தது, ரோமானியர் காலத்தில் லேத்தில் வளையல் கடைந்து எடுத்தபின் நடுவில் மிஞ்சிய கழிவு அது. காசு என்று நம்பி அதைச் சேகரித்து வைத்தவர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. நானும் அந்தக் கூட்டம்தானே.

முந்திரி ஓடும் ஒட்டவில்லை. ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் ரெசினைப் பிடிக்க விடவில்லை, கடையும்போது பிய்த்துக்கொண்டு பறந்தது. பண்ருட்டியில் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைக் கறுக்க வைக்கும் எண்ணெய் அது. அதைப் பற்றிப் படித்தபோதுதான் ஒரு வேடிக்கை தெரிந்தது. ஜப்பானிய அரக்கு மரமும் முந்திரியும் ஒரே தாவரக் குடும்பம். அரக்குப் பால் பட்டால் கொப்புளம் வருவதும் முந்திரி எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோவதும் கிட்டத்தட்ட ஒரே ரசாயனத்தால். இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஜப்பானியர் முந்திரி எண்ணெயிலிருந்தே மாற்று அரக்கு செய்து அதற்குக் 'கஷ்யூ' என்று பெயரும் வைத்தார்கள். இதே எண்ணெயை இறுக வைத்துப் பொடியாக்கிப் பிரேக் ஷூவிலும் சேர்க்கிறார்கள். என் பைக் டிரம்மில் வரி போட்ட ஷூவுக்குள் ஒரு சிட்டிகை முந்திரி இருந்திருக்கலாம்.

லுங்கி மட்டும் ஜெயித்தது. நெசவுக்காரர்கள் நிறைந்த ஊர் எங்களுடையது. கட்டம் போட்ட துண்டுத் துணிக்குப் பஞ்சமில்லை. அடுக்கடுக்காக ரெசினில் நனைத்து அழுத்தி வார்த்துக் கடைந்தால், கட்டங்கள் அறுபட்டு மரத்தின் வைரம் மாதிரி வளைகோடுகள் வருகின்றன. அந்தப் பேனாவைத்தான் இப்போது ஆபீசில் வைத்திருக்கிறேன்.

"எல்லாம் சரி, மரத்தைக் கடையவே மாட்டியா?" என்று அப்பா ஒரு நாள் கேட்டார். பண்ருட்டிக்கு அழைத்துப் போனார்.

எங்கள் ஊரிலிருந்து முக்கால் மணி நேரத்தில் இருக்கும் பண்ருட்டியைப் பலாப்பழத்துக்காக எல்லோருக்கும் தெரியும். மிருதங்க உலகத்துக்கு அதைப் பலாக்கட்டைக்காகத் தெரியும். மிருதங்கத்தின் உடல் ஒரே பலாக்கட்டை. வெளியே கடைசல், உள்ளே குடைசல். வலந்தலைப் பக்கம் சிறுத்து, தொப்பிப் பக்கம் பருத்து, நடுவில் இல்லாமல் ஒரு ஓரமாக வயிறு தள்ளியிருக்கும். இரண்டு கூம்புகளை அடியோடு அடி ஒட்டியது போன்ற உருவம். முதல் வருஷ ஒர்க்‌ஷாப்பில் கூம்பு கடையச் சொன்னபோது என் ஜாப் உருளைக்கும் கூம்புக்கும் நடுவில் ஏதோ ஒன்றாக வந்தது. இங்கே ஒருவர் அளவுகோலைத் தொடாமல், மரம் சுற்றும்போது எழும் நிழலை மட்டும் பார்த்து அதைக் கொண்டுவருகிறார். அப்பா அரைமணி நேரம் பேசாமல் நின்றார். பிறகு உளியின் கோணம் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கப்புறம் இருவரும் என்னை மறந்துவிட்டார்கள்.

மிருதங்க வித்வான்களின் பெயர் நமக்குத் தெரியும். கட்டை கடைந்தவர், தோல் பிடித்தவர் பெயர் தெரியாது. டி.எம். கிருஷ்ணா 2020-இல் வெளியிட்ட செபாஸ்டியன் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கில நூல் அந்தப் பெயர்களைத் தேடிப் போகிறது. இசை கேட்பவர்கள் மட்டுமல்ல, கருவி, பட்டறை, சாதி எப்படிப் பின்னிக்கிடக்கின்றன என்று யோசிப்பவர்களும் படிக்க வேண்டியது. நல்ல வேளையாகப் பக்கம் பக்கமாக ஆட்கள் பேசுகிறார்கள்.

நல்ல மிருதங்கக் கட்டைக்கு முற்றிய மரம் வேண்டும். நடுவில் வைரம் பாய்ந்திருக்க வேண்டும். அதற்குப் பல பத்தாண்டுகள் ஆகும். 2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரை ஏறியது. நான் அன்று ஊரில் இருந்தேன். விடிந்து பார்த்தால் முந்திரித் தோப்புகள் சீவியெறிந்த மாதிரி கிடந்தன. பாட்டன் வைத்த பலாமரங்கள் வேரோடு சாய்ந்திருந்தன. பழம் போனது பற்றி எல்லாப் பேப்பரிலும் எழுதினார்கள். விழுந்த மரத்தோடு இன்னும் கடையாத மிருதங்கங்களும் போயின என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. புயலுக்கு அடுத்த வருஷம் நட்ட கன்றுகள் இப்போது காய்க்கின்றன. கடைவதற்கு, பட்டறைக்காரர் சொன்ன கணக்கில், "எம் பேரன் காலத்துல பாக்கலாம்."

திரும்பும்போது ஒரு கழிவுத் துண்டு கொடுத்தார். மஞ்சளாக, இரண்டு சாண் நீளத்தில், ஒரு பக்கம் லேசாக வெடித்தது.

பொங்கல் லீவில் அதை வைத்துச் சோதனை செய்தோம். இரண்டு கட்டைகளைத் தரையில் அடித்து, எதிரெதிராக இரண்டு ஆணி. நடுவில் பலாத் துண்டு. ஆயா வீட்டுக் கடைகயிறு எப்போதோ போய்விட்டதால் கொடிக்கயிறு, இரண்டு சுற்று. அப்பா உளியோடு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கயிறு இழுக்க அம்மா. என்னைக் கூப்பிடவில்லை, நான் இழுத்தால் ஜெர்க் ஆகிறதாம்.

முதல் பத்து நிமிஷம் உளி எகிறி எகிறி விழுந்தது. முப்பது வருஷம் ஒரே திசையில் சுற்றும் மெஷினில் நின்றவருக்குப் பாதி இழுப்பில் உளியை விலக்க வேண்டும் என்பது கைக்கு வரவில்லை. "நான் இந்தக் கையால இழுக்கறப்ப வெட்டுங்க, அந்தக் கையால இழுக்கறப்ப எடுத்துடுங்க" என்றார் அம்மா. அதற்கப்புறம் அம்மாவின் வலது கையைப் பார்த்தே அப்பா வெட்டினார். சர்... சும்மா... சர்... சும்மா. மஞ்சள் சீவல் தரையெல்லாம். அரைமணி நேரத்தில் ஒரு பக்கம் உருண்டையாகிவிட்டது.

சன்னபட்டணத்திலிருந்து வரவழைத்த சிவப்பு அரக்குக் குச்சியை நான் அழுத்திப் பார்த்தேன். வேகம் பத்தவில்லையோ, அழுத்தம் பத்தவில்லையோ, திட்டுத் திட்டாகத்தான் பிடித்தது. இன்னும் வேகமாக இழுக்கச் சொன்னதும் அம்மா கயிற்றைப் போட்டுவிட்டு எழுந்தார்.

"மோர் கடையறதேதான் இது. இதுக்கு எதுக்குடா ஒரு வருஷம் படிச்ச? என்னைக் கேட்டா சொல்லியிருப்பேன்ல."

துண்டு இன்னும் அந்த இரண்டு ஆணிக்கு நடுவிலேயே இருக்கிறது. மறுபாதி வெடிப்புப் பக்கம். அடுத்த லீவுக்கு.